குளத்தின் ஆழத்தைக் கிணற்றிடம் கேளுங்கள்

கேள்வி (ஆரையம்பதியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்): பின்வளவில் 10 அடி நீளம், 7 அடி அகலத்தில் ஒரு சிறு குளமும் அதற்குள் விழும் நீர்வீழ்ச்சியும் அமைக்க ஆசை. இதுதான் முதல் தடவை. ஓகஸ்டில் 4 அடி ஆழத்துக்குக் குழி வெட்டிவிட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊறவில்லை. 4 இஞ்சி கொங்கிறீட் போட்டால் ஆயுளுக்கும் போதும் என்கிறார் மேசன். தறப்பாளே போதும் என்கிறார் மருமகன். வெட்டிய மணலைக் குவித்து அதன் மேலிருந்து 4 அடி உயரத்தில் தண்ணீர் விழச் செய்யலாமா? எவ்வளவு பெரிய பம்பி வேண்டும்? கிணறு 25 அடி தள்ளி இருக்கிறது. வீட்டில் 3 வயதுப் பேரன் இருக்கிறான்.

பதில்:

ஐயா, அந்தக் குழிக்குள் இனி ஒரு மண்வெட்டி மண்ணும் எடுக்க வேண்டாம். முதலில் கிணற்றை எட்டிப் பாருங்கள். உட்சுவரில், இப்போது தண்ணீர் நிற்கும் இடத்துக்குப் பல அடி மேலே, பாசி கறுத்துக் காய்ந்த கோடு ஒன்று தெரியும். கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் நின்ற மட்டம் அது. நிலமட்டத்திலிருந்து அந்தக் கோடு எத்தனை அடி கீழே என்று அளந்து எழுதி வையுங்கள். உங்கள் குளம் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை முடிவு செய்வது அந்த ஓர் அளவுதான்.

கல்லடியில் தொடங்கிக் கல்லாறு வரை, வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடப்பது மணல். கோடையில் கிணறு கீழே இறங்கும். மாரியில் நிலத்தடி நீர் ஓரிரு அடி ஆழத்துக்கு ஏறிவிடும், தாழ்ந்த வளவுகளில் நிலத்துக்கு மேலேயே நிற்கும். ஓகஸ்டில் காய்ந்து கிடக்கும் 4 அடிக் குழி டிசெம்பரில் நிலத்தடி நீருக்குள் இரண்டு மூன்று அடி மூழ்கி இருக்கும். கல்முனை, நிந்தவூர் கரையிலும் இதே நிலைதான். உகன, மகாஓயாப் பக்கத்து இறுகிய மண்ணில் வெட்டிய குளங்களின் படங்களைப் பார்த்து நம் கரையில் அப்படியே வெட்டக்கூடாது.

மேசன் சொல்லும் 4 இஞ்சிக் கொங்கிறீட் தளம் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 240 கிலோ எடை. வெளியே நிற்கும் நிலத்தடி நீர் குளத்தின் அடித்தளத்தை விட ஒரு அடி உயர்ந்தால், அதே ஒரு சதுர மீற்றரை அது கீழிருந்து 300 கிலோ விசையோடு தள்ளும். குளத்துக்குள் தண்ணீர் இருந்தால் அந்த எடை தளத்தை அமர்த்திப் பிடிக்கும். சுத்தம் செய்வதற்காக மாரியில் ஒரு நாள் இறைத்து வெறுமையாக்கினால், தளம் நடுவில் எழும்பி வெடிக்கும். வெடிப்பு முதலில் மயிரிழையாகத்தான் தெரியும்; பூசினால் அடுத்த மாரியில் பூச்சுக்குப் பக்கத்தில் இன்னொன்று வரும். தறப்பாள் போட்டிருந்தாலோ, அது கீழிருந்து பலூன் போல ஊதி மேலே மிதக்கும். மேலே வைத்த கல்லெல்லாம் சரியும்.

ஆகவே குளத்தைப் பாதி நிலத்துக்கு மேலே எடுங்கள். நிலத்துக்குள் 1 அடி, நிலத்துக்கு மேலே ஒன்றரை அடிக்குச் சற்றுக் கூட. உள்ளே நிற்கும் தண்ணீர் வெளியே நிற்கும் தண்ணீரை விட உயரமாக இருக்கும் வரை எதுவும் எழும்பாது. இந்த அமைப்பில் வளவுக்குள் வெள்ளம் நின்றாலன்றி எப்போதும் அப்படித்தான் இருக்கும். மழை வெள்ளம் வளவில் ஓடும்போது சேறும் கோழிக் கழிவும் உரமும் குளத்துக்குள் இறங்காது. உட்கார ஒரு திண்ணையும் கிடைக்கும்.

குழியின் மீதி 3 அடியை நிரப்ப வேண்டும். வெட்டிய மணலில் மேல் ஒரு அடியில் இருந்து வந்த குவியலைத் தொடாதீர்கள். அதில் கோரைக் கிழங்கு இருக்கும். கோரையின் முளை ஊசி போலக் கூர்மையானது, மெல்லிய விரிப்பைக் கீழிருந்து குத்திக்கொண்டு வரும். அடியிலிருந்து எடுத்த சுத்த மணலை 6 இஞ்சி, 6 இஞ்சியாகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்குக்கும் தாராளமாகத் தண்ணீர் விட்டு, இடியுங்கள். மணல் தண்ணீர் குடித்துத்தான் இறுகும். முழுவதையும் ஒரே தடவையில் தள்ளி மேலே மிதித்தால் மூன்று மாதத்தில் ஒரு பக்கம் இறங்கி, சுவர் மட்டம் கெடும்.

சுவர் 6 இஞ்சிச் சீமெந்துக் கல்லால், நான்கு வரி. 10 × 7 உள்ளளவுக்கு, சுவரின் நடுக்கோட்டில் அளந்தால் சுற்றளவு 36 அடி. 16 × 8 × 6 கல் வரிக்கு 27, மொத்தம் 108. உடைவுக்கும் சேர்த்து 120 இறக்குங்கள். அத்திவாரம் 1 அடி அகலம், 6 இஞ்சி தடிப்பு, 1:2:4 (சீமெந்து, மணல், சல்லி) கொங்கிறீட். நிரப்பிய மணலில் நிற்பதால் அதற்குள்ளும் இரண்டு 10 மில்லிமீற்றர் கம்பி ஓடட்டும். சுவரின் மேல் சுற்றிலும் 4 இஞ்சி உயரத்துக்கு அதே போல இரண்டு கம்பி ஓடும் ஒரு கொங்கிறீட் வளையம் போட வேண்டும். அது இல்லாமல் விட்டால் தண்ணீரின் தள்ளலில் நீளச் சுவரின் நடுப்பகுதி வெளியே வயிறு தள்ளும். உட்புறம் மட்டும் 1:4 சாந்தில் மழமழப்பாகப் பூசுங்கள். மூலைகளை உள்ளங்கையால் வளைத்து உருட்டிவிடச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் 50 கிலோச் சீமெந்து 8 பை போதும். அடித்தளத்துக்குக் கொங்கிறீட் வேண்டாம். சலித்த மணல் 3 இஞ்சி போட்டு இறுக்கினால் போதும்.

வளையம் போடும்போது நான்கு மூலையும் ஒரே மட்டமா என்று தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயால் பாருங்கள். மட்டப்பலகை 10 அடித் தூரத்துக்கு நம்பத்தக்கதல்ல. அரை இஞ்சி வித்தியாசம் கூட, தண்ணீர் நிரம்பிய நாளில் ஒரு பக்கம் கறுத்த விரிப்பு பட்டை போலத் தெரிந்து கண்ணை உறுத்தும்.

வளையத்தில், கிணற்றுக்கு எதிர்ப்பக்கமாக, 6 இஞ்சி அகலம் 3 இஞ்சி ஆழத்தில் ஒரு வெட்டு விடுங்கள். மழைத் தண்ணீர் வழியும் வாய் அது. மட்டக்களப்பு மாரியில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்வது புதிதல்ல. அது குளத்தை 4 இஞ்சி உயர்த்தும். வாயில் நைலோன் வலை கட்டாவிட்டால் முதல் பெருமழையோடு மீன் வளவில் கிடக்கும். வழியும் தண்ணீர் வாழைப்பாத்திக்குப் போகட்டும். கிணற்றுப் பக்கம் போகக்கூடாது.

இனி விரிப்பு. மருமகன் சொன்னது பாதி சரி. கடையில் கிடைக்கும் நீலத் தறப்பாள் நெய்த பொலித்தீன். வெயில் படும் இடத்தில் ஓராண்டுக்குள் தூள் தூளாகும், அதற்கு முன்பே ஊசித் துளைகளால் கசியும். அதை வாங்க வேண்டாம். மீன் வளர்ப்புத் தொட்டிகளுக்கு விற்கும் 650 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீற்றர் 650 கிராம்) பி.வி.சி. தறப்பாள் நன்றாக மடியும், மூலைகளில் அடங்கும். எச்.டி.பி.ஈ. கறுத்த விரிப்பு நீண்ட நாள் உழைக்கும், ஆனால் விறைப்பானது. சிறு குளத்தின் மூலைகளில் மடிப்பு அமராது. உங்கள் அளவுக்கு நான் பி.வி.சி.யைத்தான் சொல்வேன். அளவு இப்படி: நீளம் 10, இரண்டு பக்க ஆழம் 5, இரண்டு விளிம்புக்கும் 2, ஆக 17 அடி. அகலம் 7 + 5 + 2, ஆக 14 அடி. கடையில் 18 × 15 கேளுங்கள். இரண்டு துண்டை ஒட்டித் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரே துண்டாக இருக்க வேண்டும்.

விரிப்புக்குக் கீழே பழைய உரப்பைகளை வெட்டி இரண்டு அடுக்காகப் பரப்புங்கள். பன்பாய் போடலாமே என்று தோன்றும். உக்கிப் போகும், உக்கும்போது காற்று உண்டாகி விரிப்புக்குக் கீழே கொப்புளம் எழும்பும். வெயிலில் விரிப்பை அரை மணி நேரம் காயப் போட்டால் இளகும். அதன் பிறகு இறக்குங்கள். தண்ணீர் விடும்போதே மடிப்புகளை இழுத்து, சிறு சிறு சுருக்கங்களை இரண்டு மூன்று பெரிய மடிப்பாகச் சேருங்கள். குளம் முழுதும் நிரம்பி ஒரு நாள் கழியும் வரை விளிம்பை வெட்டாதீர்கள். தண்ணீரின் எடை விரிப்பைக் கீழே இழுக்கும். முதலிலேயே வெட்டியவர்களுக்கு ஒரு மூலையில் 2 இஞ்சி குறைந்துவிடும், அதற்குப் பரிகாரம் கிடையாது.

நீர்வீழ்ச்சிக்கு வருவோம். முதல் தடவை கட்டுபவர்களின் குளத்தில் தண்ணீர் குறைகிறது என்றால் பெரும்பாலும் குளம் கசிவதில்லை, நீர்வீழ்ச்சிதான் கசியும். காரணம் மணல் மேடு. குவித்த மணலில் ஒரு தொன் கருங்கல்லை அடுக்கினால், முதல் மழையில் மேடு அமரும். கல் ஒரு விரல் சாயும். விரிப்பின் விளிம்பு அந்தப் பக்கம் தாழும். தண்ணீர் யாருக்கும் தெரியாமல் கல்லுக்குப் பின்னால் மண்ணுக்குள் இறங்கும். ஆகவே மணல் மேட்டை விட்டுவிடுங்கள். குளச் சுவரோடு சேர்த்து, 3 அடிக்கு 3 அடியில், அதே அத்திவாரத்தின் தொடர்ச்சியாக ஒரு கட்டு எழுப்பி, உள்ளே உடைந்த கல்லும் கிறவலும் போட்டு இடித்து நிரப்புங்கள். மேலே 3 இஞ்சிக் கொங்கிறீட். நீர்வீழ்ச்சியின் கல் எல்லாம் இந்தக் கட்டின் மேல்தான் நிற்க வேண்டும். இந்தக் கட்டுக்குக் கல்லும் சீமெந்து 3 பையும் தனியாக வாங்குங்கள்.

உயரம் 4 அடி வேண்டாம், ஐயா. தண்ணீர் மட்டத்துக்கு மேல் 2 அடி போதும். வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கச்சான் காற்றை நீங்கள் அறிவீர்கள். 4 அடியிலிருந்து விழும் மெல்லிய திரையை அது கிழித்து வளவெல்லாம் தூவும். காலையில் நிரப்பிய குளம் மாலையில் அரை இஞ்சி குறையும். கச்சான் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவதால், நீர்வீழ்ச்சியைக் குளத்தின் மேற்கு விளிம்பில் கட்டிக் கிழக்கே விழ விடுங்கள். அப்போது காற்று அள்ளும் துளியும் குளத்துக்குள்ளேயே விழும். வாடைக்காற்று எதிர்த் திசையிலிருந்து அடிக்கும். ஆனால் அது மழையோடு வருவது, இழந்ததைத் தானே நிரப்பிவிடும்.

2 அடியை 8 இஞ்சிப் படிகள் மூன்றாகப் பிரியுங்கள். நீர்வீழ்ச்சிக்கு வேறு துண்டு விரிப்பு. அது குள விரிப்பின் மேல் ஒரு அடியாவது ஏறிக் கிடக்க வேண்டும், ஓட்டுக் கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் கிடப்பது போல. ஓடும் பாதையின் இரு பக்கமும் விரிப்பு தண்ணீர் மட்டத்துக்கு 4 இஞ்சி மேலே எழும்பி, கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கட்டும். கீழே இருந்து மேலே வாருங்கள்: அடிக்கல், அதற்குப் பின்னால் விரிப்பு மடித்து எழும்புதல், அதன் மேல் அடுத்த படிக்கல்.

தண்ணீர் விழும் உதட்டுக்கல் தட்டையாக இருக்க வேண்டும், கீழே உள்ள கல்லை விட 3 இஞ்சி வெளியே நீட்டி நிற்க வேண்டும். அதன் அடிப்பக்கம், விளிம்பிலிருந்து ஒரு இஞ்சி உள்ளே, கிரைண்டரால் ஒரு கோடு வெட்டுங்கள். சன்சேட்டின் அடியில் மேசன் இழுக்கும் கோடு எதற்கோ, இதுவும் அதற்கே: தண்ணீர் கல்லின் அடியில் ஒட்டிப் பின்னோக்கி ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும். கற்களுக்கிடையே உள்ள சந்துகளைக் குழலில் வரும் ஃபோமால் அடையுங்கள். அடைக்காவிட்டால் தண்ணீர் கல்லின் மேலே ஓடாமல் இடுக்கில் புகுந்து, சத்தமும் காட்சியும் இல்லாமல் கீழே வந்து சேரும். ஃபோம் வெயிலில் பொடியாகும். ஈரமாக இருக்கும்போதே மணலைத் தூவி மறையுங்கள். சாந்து பிளாஸ்ரிக் விரிப்பில் ஒட்டாது. கல்லோடு கல்லைச் சேர்க்க மட்டும் சாந்து.

கல் கால் கியூப், அதாவது ஏறத்தாழ ஒரு தொன், லாண்ட்மாஸ்டரில் இரண்டு நடை. 12 முதல் 18 இஞ்சி வரை பெரிய கல் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் கற்குவியல் போலவே தெரியும். முருகைக்கல் வேண்டாம். அதைக் கடலிலிருந்து எடுப்பது சட்டப்படி தடை. தண்ணீரில் கரைந்து சுண்ணாம்பையும் ஏற்றும்.

உச்சியில் 60 முதல் 80 லீற்றர் பிளாஸ்ரிக் தொட்டி ஒன்றைப் பதியுங்கள். பம்பியின் குழாய் அதன் அடியில் திறக்கட்டும். தண்ணீர் மேலேறி உதட்டால் வழியும். தொட்டிக்குள் உடைந்த ஓட்டுத் துண்டு, கழுவிய சல்லி, நைலோன் வலை போட்டால் அதுவே வடிகட்டி. தேங்காய்த் தும்பு போடாதீர்கள். சாயம் இறங்கித் தண்ணீர் தேயிலைச் சாயம் போலாகும், பிறகு உக்கும். அடியில் குழாய் திறப்பதால், பம்பி நின்றதும் தொட்டித் தண்ணீர் முழுதும் அதே வழியாகக் குளத்துக்குத் திரும்பும். அதைத் தடுக்கப் பம்பிக்கு மேலே ஒரு ஒருவழி வால்வு போடுங்கள்.

பம்பியை எப்படிக் கணக்கிடுவது? உதட்டின் அகலம் ஒரு இஞ்சிக்கு மணிக்கு 400 லீற்றர் என்று வையுங்கள். 10 இஞ்சி உதட்டுக்கு 4000 லீற்றர். உங்கள் குளத்தில் கல்லும் விளிம்பும் போக நிற்பதும் ஏறத்தாழ 4000 லீற்றர்தான். மணிக்கு ஒரு தடவை முழுத் தண்ணீரும் சுற்றும், மீனுக்கு நல்லது. ஆனால் பெட்டியில் "4000" என்று எழுதிய பம்பியை வாங்கக்கூடாது. அந்த எண் தண்ணீரை ஒரு இஞ்சியும் உயர்த்தாதபோது வரும் அளவு. அதே பெட்டியில் எழுதிய "உச்ச உயரம்" என்பது ஒரு சொட்டும் வராமல் நின்றுபோகும் உயரம். உங்களுக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவே.

குளத்துத் தண்ணீர் மட்டத்திலிருந்து உச்சித் தொட்டியின் தண்ணீர் மட்டம் வரை 2 அடிக்குச் சற்றுக் கூட; 2½ அடி, அதாவது முக்கால் மீற்றர் என்று வையுங்கள். பம்பி எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பதைக் கூட்ட வேண்டாம். அது கணக்கில் வராது. 6 மீற்றர் நீளக் குழாயின் உராய்வுக்கு, ஒன்றரை இஞ்சிக் குழாயானால் கால் மீற்றருக்கும் குறைவு. ஒரு இஞ்சிக் குழாயில் அதே தண்ணீரை அனுப்ப உராய்வுக்கே 1¼ மீற்றர் போகும். குழாயில் மிச்சம் பிடிக்கும் காசு, ஓடும் காலமெல்லாம் தண்ணீராகக் குறையும். முழங்கைகளுக்கு இன்னும் 0.2. ஆக 1.2 மீற்றர். மணிக்கு 8000 லீற்றர், உச்ச உயரம் 4 மீற்றர் என்ற பம்பி இந்த உயரத்தில் 5000க்கு மேல் தரும். ஒரு வால்வு போட்டுக் குறைத்துக்கொள்ளலாம். 6000 லீற்றர், 3 மீற்றர் பம்பி 3600 அளவில் நிற்கும். திரை நடுவில் கிழியும். கிணற்று மோட்டரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது உயரத்துக்காகச் செய்யப்பட்டது, நாள் முழுதும் ஓடினால் மின் கட்டணம் தாங்காது. தண்ணீருக்குள் வைக்கும் 70 வாற்றுப் பம்பி 24 மணி நேரம் ஓடினால் மாதம் 50 யூனிட். கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் இருப்பதால், இப்போது மாதம் எத்தனை யூனிட் எரிகிறது, 50 கூடினால் எந்தப் படியில் போய் விழும் என்பதைப் பழைய பட்டியலை எடுத்து முதலில் பாருங்கள்.

சிக்கனத்துக்காக இரவில் நிறுத்துவார்கள். பலர் செய்யும் பிழை இது. நீர்த் தாவரங்களும் பாசியும் பகலில் பிராணவாயு தரும், இரவில் தாமே அதை எடுக்கும். விடியப் போகும் நேரம்தான் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவு. மீன் செத்து மிதப்பது காலையில்தான் தெரியும். நிறுத்தத்தான் வேண்டுமென்றால் பகலில் சில மணி நேரம் நிறுத்துங்கள்.

பம்பி நீர்வீழ்ச்சிக்கு எதிர் மூலையில், ஒரு கல்லின் மேல் 6 இஞ்சி உயரத்தில், துளையிட்ட பிளாஸ்ரிக் கூடைக்குள் இருக்கட்டும். என்றாவது மேலே விரிப்பு நழுவி தண்ணீர் வெளியே ஓடினாலும் அடியில் 6 இஞ்சி மிஞ்சும், மீன் பிழைக்கும். மின்சாரத்தில் விட்டுக்கொடுப்பு வேண்டாம்: 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச், நல்ல எர்த், தண்ணீருக்குள் ஒரு வயர் இணைப்பும் இல்லாமை. கோடையில் காய்ந்த மணலில் எர்த் சரியாகப் பிடிக்காது. மின் தொழில்நுட்பவியலாளர் ஒருவரைக் கொண்டு அளந்து பாருங்கள். பிளக்கை, 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் உங்கள் சுவரில் வெள்ளம் தொட்ட மட்டத்துக்கு மேலே பொருத்துங்கள். தண்ணீருக்குள் கை வைக்கும் முன் பிளக்கைக் கழற்றுங்கள், ஒவ்வொரு தடவையும்.

பேரனைப் பற்றி. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒன்றரை அடிச் சுவர் ஏறுவதற்கு ஒரு படி மட்டுமே. 1 இஞ்சி இரும்புச் சட்டத்தில் 2 இஞ்சிக் கண் வெல்ட் மெஷ் அடித்து, தண்ணீருக்கு மேலே, சுவர் மட்டத்தோடு படுக்க வையுங்கள். தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தால் அழகாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். 2 இஞ்சித் தண்ணீரிலும் குப்புற விழுந்த குழந்தைக்கு மூச்சு முட்டும். சட்டத்தை இரண்டு துண்டாகச் செய்தால் தூக்கலாம். ஒரு பெரியவர் ஏறி நின்றாலும் வளையக்கூடாது. கொக்கும் மீன்கொத்தியும் கூட இதனால் வெளியே நிற்கும். அந்தச் சட்டம் பொருத்தும் நாளுக்கு முன் குளத்தில் தண்ணீர் விட வேண்டாம் என்பதை உங்களிடம் வலியுறுத்திக் கேட்கிறேன். இப்போது திறந்து கிடக்கும் 4 அடிக் குழியைச் சுற்றியும் இன்றே வேலி கட்டுங்கள்.

நுளம்புக்கு அஞ்ச வேண்டாம், கவனம் மட்டும் வேண்டும். டெங்கு நுளம்பின் முட்டை பறக்கும் நுளம்பாக ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஓடும் தண்ணீரும் கப்பி மீனும் உள்ள குளம் நுளம்பை வளர்க்காது. வளர்ப்பது உச்சித் தொட்டியும், பம்பி நின்ற நாட்களில் படிக்கல் குழிகளில் தேங்கும் கோப்பையளவு தண்ணீரும்தான். தொட்டியிலும் நாலைந்து கப்பி விடுங்கள். பம்பி பழுதானால் படிகளைத் துடைத்துக் காய விடுங்கள். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி வளவில் நுளம்புப் புழு இருந்தால் பொறுப்பு வீட்டுக்காரருடையது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது ஓடும் நீரும் மீனும் அவருக்குத் தெரிய வேண்டும்.

சீமெந்து வேலை முடிந்த புதுக் குளத்தில் உடனே மீன் விட்டால் செத்துப்போகும். விரிப்பு இருந்தாலும், விளிம்புச் சாந்திலும் நீர்வீழ்ச்சியிலும் இருந்து சுண்ணாம்பு இறங்கும். ஒரு வாரம் பம்பியை ஓட விட்டு, முழுத் தண்ணீரையும் மாற்றி, வாழைத்தண்டுத் துண்டுகளை ஒரு வாரம் ஊறப் போட்டு எடுத்து, மறுபடியும் மாற்றுங்கள். தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் 8.5க்குக் கீழே வந்த பிறகு 20 கப்பி மட்டும். அந்த மீனின் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர் ஓட்டுத் துண்டுகளில் குடியேற 4 முதல் 6 வாரம் எடுக்கும். அதற்குப் பின் கோல்ட் ஃபிஷ் 6 அல்லது 8. கோய் கார்ப் வேண்டாம். இந்த ஆழத்தில், நம் வெயிலில், அது பெரிதாக வளர இடமில்லை. "டேங் கிளீனர்" என்று விற்கும் முள் மீனும் வேண்டாம். வாய்க்காலுக்குத் தப்பினால் வாவி வரை போய்ப் பெருகும்.

குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக இரண்டு மூன்று நாள் நீர்வீழ்ச்சியை ஓட்டிய பின் மீன். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பு என்றால் கோல்ட் ஃபிஷ் தாங்கும், அல்லி தாங்காது. கச்சான் காலத்தில் தினமும் 30 முதல் 50 லீற்றர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். மேலே மேலே நிரப்பிக்கொண்டே போனால் உவர்ப்பு ஏறும். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை 400 லீற்றர் எடுத்துத் தென்னைக்கு ஊற்றி, புதுத் தண்ணீர் விடுங்கள்.

தண்ணீர் பச்சையாவது வெயிலாலும் அதிக இரையாலும். பாதிப் பரப்பையாவது இலை மூட வேண்டும். அல்லிக் கிழங்கை வயல் களி நிரப்பிய அகலச் சட்டியில் வைத்து, மேலே சல்லி பரப்பி, நீர்வீழ்ச்சியிலிருந்து தள்ளி வையுங்கள். இலையில் ஓயாமல் தண்ணீர் தெறித்தால் அல்லி அழுகும். வலைச் சட்டத்தில் அந்த மூலைக்கு மட்டும் இலை எழும்ப 4 இஞ்சிக் கண் விடலாம். தாமரை இந்த அளவுக் குளத்துக்கு ஆகாது. அதன் தண்டுக்கிழங்கு கூர்மையானது. வாவிக்கரையில் சும்மா கிடைக்கும் ஆற்றுவாழையைக் கொண்டுவராதீர்கள். இரண்டு மாதத்தில் குளமே தெரியாது.

தண்ணீர் குறைவதாகச் சந்தேகம் வந்தால் ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பிக் குளத்தின் பக்கத்திலேயே, அதே வெயிலில் வையுங்கள். மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, பம்பியை நிறுத்தி 24 மணி நேரம் கழித்து இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவு குறைந்தால் அது ஆவி, கசிவில்லை. குளம் கூடக் குறைந்தால் கசிவு குள விரிப்பில்; தண்ணீர் எந்த மட்டத்தில் குறையாமல் நிற்கிறதோ, துளை அந்த மட்டத்தில். பம்பி ஓடும்போது மட்டும் குறைந்தால் நீர்வீழ்ச்சியின் விளிம்புகளில் ஈரக் கல்லைத் தேடுங்கள்; உலர்ந்திருக்க வேண்டிய பக்கத்தில் ஒரு கல் நனைந்திருக்கும்.

காலம் பற்றி: மணல் நிரப்பி இடிக்க 2 நாள், அத்திவாரமும் சுவரும் 4 நாள், பூச்சும் வளையமும் 2 நாள், நனைத்துக் காய விட 10 நாள், விரிப்பு அரை நாள், நீர்வீழ்ச்சி 3 நாள். ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் முடிக்க மேசனும் ஆளும் கையில் இருந்தால் இப்போதே தொடங்கலாம். இல்லையென்றால் குழியை நிலமட்டம் வரை நிரப்பி இடித்து விட்டுவிடுங்கள். மாரி முழுதும் அந்த மணல் தண்ணீர் குடித்து நன்றாக இறுகிக் கிடக்கும். மாசி கடைசியில் மேல் ஒரு அடியை மட்டும் எடுத்து அத்திவாரம் போடலாம். அதற்கிடையில் மார்கழியில் கிணற்றுத் தண்ணீர் எந்த வரி வரை ஏறுகிறது என்று சுவரில் ஒரு ஆணியால் கீறி வையுங்கள். அந்தக் கீறல் நிலத்திலிருந்து ஒரு அடிக்குள் வந்தால், குளத்தின் அடித்தளத்தை நிலத்துக்குள் அரை அடியோடு நிறுத்தி, சுவரில் ஒரு வரியைக் கூட்டுங்கள்.